கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள்: ஏன் வருகின்றன, யாருக்கு வரும்? செட்டிநாட்டுப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்கேன், பரிசோதனை எல்லாம் முடிந்து "கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்பது இதுதானா?

பெரும்பாலும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் "கர்ப்பப்பை வாய்ப் புண்" என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேறு வேறு சங்கதிகளைச் சொல்கிறார்கள். முதலாவது, கர்ப்பப்பை வாயின் நடுவே உள்ளே போகும் கால்வாயின் உட்பக்கத்து மெல்லிய சிவப்புத் திசு கொஞ்சம் வெளியே மலர்ந்து தெரிவது. இளவயதிலும், கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இது இயல்பு. பார்க்கச் சிவந்து ரணம்போல இருக்கும், ஆனால் ரணம் அல்ல. இரண்டாவது, கிருமித் தொற்றால் வந்த அழற்சி. வெள்ளைப்படுதல், நாற்றம், அரிப்பு இதில்தான் அதிகம். மருந்தில் தீரும். மூன்றாவதுதான் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம். இதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. வலிக்காது, சிவக்காது, ஸ்கேனிலும் தெரியாது.

ஆகவே "புண்" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது: "எந்தப் பரிசோதனையில் தெரிந்தது? ரிப்போர்ட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது?" அந்தப் பெயர் இல்லாமல் பயப்படவும் வேண்டாம், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கவும் வேண்டாம்.

மாற்றம் சரியாக எந்த இடத்தில் நடக்கிறது?

கர்ப்பப்பை வாய்க்கு இரண்டு வகைத் தோல் உண்டு. வெளிப்பக்கம் பல அடுக்குகளாகத் தடித்த தட்டைச் செல்கள். உட்கால்வாயில் சளி சுரக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள். நம் ஊர் வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த வளவும் முற்றத்துக் கருங்கல்லும் சேரும் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்குவது கல்லின் நடுவில் அல்ல, அந்தச் சேர்ப்பில்தான். கர்ப்பப்பை வாயிலும் அப்படியே. பருவம் அடைந்ததிலிருந்து அந்த எல்லையில் ஒற்றை அடுக்குச் செல்கள் மெல்ல மெல்லத் தட்டைச் செல்களாக மாறிக்கொண்டே இருக்கும். இது இயற்கை. மாறிக்கொண்டிருக்கும் செல்களுக்குள் வைரஸ் நுழைவது சுலபம். பெரும்பாலான முந்தைய மாற்றங்கள் இந்தச் சில மில்லிமீட்டர் வளையத்திலேயே தொடங்குகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு இந்த வளையம் கால்வாய்க்குள் ஏறி மறைந்துவிடும். 55 வயதில் முதன்முறையாகப் பரிசோதனைக்குப் போகிறவருக்கு "சரியாகத் தெரியவில்லை" என்று பதில் வருவது இதனால்தான்.

அடிப்படைக் காரணம் என்ன?

ஒரு வைரஸ். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சுமார் 14 வகைகளை ஆபத்தானவை என்று பிரித்திருக்கிறார்கள். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு மட்டுமே உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். 6, 11 வகைகள் பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும், புற்றுநோய் உண்டாக்குவதில்லை. மரு இருப்பவர்கள் வீணாகக் கலங்குவதும், ஆபத்தான வகை இருப்பவர்கள் ஒன்றும் தெரியாமல் இருப்பதும் இப்படித்தான். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மனியின் ஹாரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரவுவது உடலுறவால், குறிப்பாகத் தோலோடு தோல் உராய்வதால். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத இடத்துத் தோலிலும் வைரஸ் இருக்கும் என்பதால் முழுப் பாதுகாப்பு தராது.

வைரஸ் இத்தனை பேருக்கு வருமென்றால் எல்லாருக்கும் புற்றுநோய் வரவேண்டுமே?

வருவதில்லை. தாம்பத்தியம் தொடங்கிய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது எச்பிவி தொற்றும். பத்தில் ஒன்பது பேரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதை அடக்கிவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆபத்து தொற்றில் இல்லை, தொற்று போகாமல் தங்குவதில் இருக்கிறது.

தங்கிய வைரஸ் என்ன செய்கிறது? அது இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைச் செல்லுக்குள் செய்துவிடுகிறது. கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற காவல் புரதத்தை இ6 அழிக்கும். செல் பெருகுவதற்குக் கடிவாளம் போடும் ஆர்பி என்ற புரதத்தை இ7 செயலிழக்கச் செய்யும். காவலும் கடிவாளமும் போனபின் செல்கள் ஒழுங்கில்லாமல் பெருகும். இந்த முந்தைய மாற்றத்தின் அளவைச் சிஐஎன் என்ற எண்ணால் குறிப்பார்கள். தோலின் அடித்தட்டில் மூன்றில் ஒரு பங்கு மாறியிருந்தால் சிஐஎன் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் சிஐஎன் 2, அதற்கு மேல், முழுத் தடிமனும் மாறியிருந்தாலும் சிஐஎன் 3. அடித்தளச் சவ்வைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கினால்தான் அது புற்றுநோய்.

எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் பெண்ணுக்கு தொற்றிலிருந்து புற்றுநோய் வரை 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை எடுக்காத எச்ஐவி தொற்று போன்ற நிலையில் 5 முதல் 10 ஆண்டுகளே போதும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அந்த அவகாசத்தில் ஒரு முறைகூடப் பரிசோதிக்காமல் விட்டுவிடுவதுதான் வருத்தம். 2022 கணக்கின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம் பேருக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வருகிறது. சுமார் 80,000 பேர் இறக்கிறார்கள்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். எனக்கு எச்பிவி இருக்கிறதென்றால் யார் தப்பு?

அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனார்கள். இப்போது சிங்கப்பூர், வளைகுடா. இந்தப் பிரிவு நம் பக்கம் புதிதல்ல. அதனாலேயே இந்த ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் முதலில் எழுவது சந்தேகம்.

எச்பிவி பரிசோதனையால் தொற்று எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்து அடங்கிக் கிடந்த வைரஸ், எதிர்ப்புச் சக்தி குறையும்போது மறுபடி பரிசோதனையில் தெரியலாம். திருமணத்துக்கு முன் இருவரில் ஒருவருக்கு வந்ததாகவும் இருக்கலாம். வாழ்நாளில் ஒரே ஆணோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். இந்த ரிப்போர்ட் யாருடைய நடத்தைக்கும் சான்றிதழ் அல்ல. கணவருக்குத் தனியாகச் சோதனையும் தேவையில்லை, ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட எச்பிவி சோதனை கிடையாது.

வைரஸ் போகாமல் தங்க என்னென்ன துணை செய்கின்றன?

புகையிலையை முதலில் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் புகைக்கும் பெண்களுக்குத் தட்டைச் செல் வகைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு. புகையிலையின் ரசாயனங்கள் இரத்தத்தின் வழியே போய்க் கர்ப்பப்பை வாய்ச் சளியிலேயே சேர்கின்றன. நிகோடினை அந்தச் சளியில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அங்குள்ள காவல் செல்கள் குறைகின்றன. "எங்கள் வீட்டில் பெண்கள் யாரும் பீடி பிடிப்பதில்லை" என்று சொல்வது சரிதான். வெற்றிலைப் பெட்டிக்குள் பாக்கோடு ஒரு துணுக்குப் புகையிலை வைத்திருப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புகைத்தாலும் மென்றாலும் அது இரத்தத்தில்தான் கலக்கும்.

அடுத்தது எதிர்ப்புச் சக்தி. எச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வர வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் ஆறு மடங்கு. சிறுநீரக மாற்று செய்து மருந்து சாப்பிடுபவர்கள், லூபஸ் போன்ற நோய்க்கு நீண்ட காலம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் இதைத் தனியாகக் கேட்க வேண்டும். அவர்களுக்குப் பரிசோதனை சீக்கிரம் தொடங்க வேண்டும், அடிக்கடியும் வேண்டும்.

சிறு வயதுத் திருமணம். 16, 17 வயதில் அந்த எல்லை வளையம் வெளியே அகலமாக மலர்ந்து, செல்கள் வேகமாக மாறிக்கொண்டிருக்கும். வைரஸ் நுழைய அதைவிட வசதியான காலம் இல்லை.

பிரசவங்கள். முழு மாதப் பிரசவம் கூடக் கூட ஆபத்து கூடுகிறது. ஹார்மோன், அந்தக் காலத்து எதிர்ப்புச் சக்தி மாற்றம், பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் கிழிவது ஆகியவற்றைக் காரணமாகச் சொல்வார்கள். கருத்தடை மாத்திரையை 5 ஆண்டுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டாலும் ஆபத்து கூடும். நிறுத்தியபின் படிப்படியாகக் குறைந்து, பத்து ஆண்டுகளில் பழைய நிலைக்கு வந்துவிடும். இதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், பரிசோதனையைத் தவறவிடாமல் இருந்தால் போதும். கிளமிடியா போன்ற பிற பால்வினைத் தொற்றுகளும் துணைக் காரணம்.

விறகுப் புகை பற்றியும் ஒரு வார்த்தை. ஹோண்டுராஸ் நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், எச்பிவி உள்ள பெண்களில் சமையலறையில் பல ஆண்டுகள் விறகு எரித்தவர்களுக்கு முந்தைய மாற்றம் அதிகமாகக் காணப்பட்டது. புகையிலை அளவுக்கு இதற்கு ஆதாரம் குவியவில்லை. ஆனால் விறகடுப்பு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து முறுக்கும் மனகோலமும் சீப்புச்சீடையும் சுட்டுக் கொடுக்கும் பெண்கள் இங்கே நிறைய. புகைபோக்கி வைப்பதற்கு நுரையீரல் ஒன்றே போதுமான காரணம், இது கூடுதல் காரணம்.

சூட்டால் வருமா? காப்பர் டி போட்டால்? துணி வைத்தால்?

உடல் சூட்டால் வராது, கறிக் குழம்பால் வராது. காப்பர் டி போட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் வைரஸைத் தடுக்காது, வரவழைக்கவும் செய்யாது. மாதவிடாய்த் துணி சரியாகத் துவைத்து வெயிலில் காயாவிட்டால் வேறு தொற்று வரும். இந்த மாற்றத்துக்கு அது நேரடிக் காரணம் அல்ல.

அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் வருமா?

மார்பகப் புற்றுநோய் போல மரபணு வழியாகக் குடும்பத்தில் ஓடும் நோய் இது இல்லை. நெருங்கிய உறவில் இருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடலாம். உங்கள் பரிசோதனை அட்டவணை அதனால் மாறாது.

அறிகுறி தெரிந்ததும் போனால் போதாதா?

முந்தைய மாற்றத்துக்கு அறிகுறியே கிடையாது. உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின் இரத்தம், நாற்றத்தோடு இரத்தம் கலந்த வெள்ளை: இவை வந்தால் முகாமுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக மகளிர் மருத்துவரிடம் போங்கள். அது முந்தைய கட்டம் தாண்டியதாக இருக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் "வினிகர் டெஸ்ட்" என்கிறார்கள். என்ன செய்வார்கள்?

விஐஏ என்ற பரிசோதனை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ் இதைச் செய்வார். நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலின்படி 30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை.

மல்லாந்து படுக்க வைத்து, யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைப்பார்கள். பல்லைக் கடித்து இடுப்பை இறுக்கினால் வலி கூடும். வாயைத் திறந்து மூச்சை மெதுவாக விட்டால் எளிதாகப் போகும். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி எடுப்பார்கள். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் அளவு வீரியம்தான், லேசாக எரியும். பிறகு முழுசாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாறிய செல்களில் உட்கருவும் புரதமும் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம், முட்டை வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பது போல வெளுக்கும். எல்லை வளையத்தை ஒட்டி, ஓரம் தெளிவான, கெட்டியான வெண்மைப் படலம் தெரிந்தால் பாசிட்டிவ். சில இடங்களில் அடுத்து லூகால்ஸ் அயோடின் தடவுவார்கள். நல்ல செல்லில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் இருப்பதால் அது கரும்பழுப்பாகும், மாறிய இடம் கடுகு மஞ்சளாக நிற்கும்.

தவறு எங்கே வரும்? ஒரு நிமிடம் காத்திருக்காமல் இருபது வினாடியில் பார்த்துவிடுவது, மங்கலான விளக்கு, நாள்பட்ட கரைசல். அழற்சி இருந்தாலும் வெளுக்கும், எனவே பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவே.

எளிய சோதனை என்று அலட்சியம் வேண்டாம். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் செய்த ஒரே ஒரு விஐஏ சுற்றால், இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன. இருந்தாலும் வசதி இருந்தால் எச்பிவி டிஎன்ஏ சோதனையே மேல். அது நெகட்டிவ் என்றால் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு நிம்மதி. மாதிரியை நீங்களே எடுத்துக்கொடுக்கவும் முடியும்.

எந்தச் சோதனையானாலும் மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். இரண்டு நாள் முன்பிருந்து உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, உள்ளே கழுவுவது மூன்றையும் நிறுத்துங்கள்.

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் என்னவோ எழுத்துகள் இருக்கின்றன.

பாப் ஸ்மியர் என்பது கர்ப்பப்பை வாய்ச் செல்களைத் தேய்த்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை. அதில் என்ஐஎல்எம் என்றால் மாற்றம் இல்லை. ஆஸ்கஸ் என்றால் தீர்மானமாகச் சொல்ல முடியாத சிறு மாற்றம், எச்பிவி சோதனையோ மறு பரிசோதனையோ செய்வார்கள். எல்எஸ்ஐஎல் லேசான மாற்றம், எச்எஸ்ஐஎல் தீவிர மாற்றம். இரண்டுக்கும் அடுத்தது பொதுவாகக் கால்போஸ்கோபி. உருப்பெருக்கி வழியாகப் பார்த்து, சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். சிஐஎன் என்ற எண் பயாப்ஸியில்தான் வரும். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பினால் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பாசிட்டிவ் வந்தபின் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் விடுவதில்தான் சோதனையின் பயன் முழுக்க வீணாகிறது.

சிகிச்சை என்ன?

சிஐஎன் 1-க்குப் பெரும்பாலும் சிகிச்சையே இல்லை. பாதிக்கும் மேல் தானாகச் சரியாகும். ஒரு வருடத்தில் மறுபடி பார்ப்பார்கள். சிஐஎன் 2, 3-க்குச் சிகிச்சை உண்டு. சிஐஎன் 3-ஐ அப்படியே விட்டால் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோயாகும்.

மாற்றம் முழுதும் வெளியே தெரிந்து, கால்வாய்க்குள் போகாமல், கர்ப்பப்பை வாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவாமல் இருந்தால் சுட்டோ உறையவைத்தோ அழிக்கலாம். சுடும் கருவியில் சுமார் 100 டிகிரி, ஒரு தடவைக்கு 20 முதல் 30 வினாடி. உறையவைப்பது என்றால் 3 நிமிடம் உறைய, 5 நிமிடம் இளக, மறுபடி 3 நிமிடம் உறைய. மற்றவர்களுக்கு லீப்: மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரக் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். லீப் செய்தவர்களுக்குப் பின்னால் குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும், இனிமேல் குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது முந்தைய மாற்றம் தெரிந்தால் பொதுவாகக் கண்காணிப்பு மட்டும், சிகிச்சை பிரசவத்துக்குப் பிறகு.

சில வாரங்கள் தண்ணீராகக் கசியும். 4 வாரம் உறவு கூடாது, கனமான குடம் தூக்கக் கூடாது. ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் பொருக்கு உதிரும்போது இரத்தம் வரலாம். அதனால் தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லித் தேதியை முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொள்ளுங்கள். நாப்கின் மணிக்கொருமுறை நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும்.

எதற்கு இவ்வளவு? கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால்?

பயாப்ஸி ரிப்போர்ட் இல்லாமல், "புண்" என்ற சொல்லுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பது தவறு. இதை மழுப்பிச் சொல்வதற்கில்லை. சிஐஎன் 1-க்கு வேண்டவே வேண்டாம். 2, 3-க்கும் பொதுவாக முதல் தேர்வு அது அல்ல. உள்ளே புற்றுநோய் ஒளிந்திருந்தால் சாதாரணக் கர்ப்பப்பை ஆபரேஷன் போதாது, பின்னால் சிகிச்சை சிக்கலாகிவிடும். சிஐஎன் 2, 3-க்காக எடுத்தவர்களுக்கும் யோனியின் மேற்பகுதியில் மாற்றம் வரலாம், பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "என் பயாப்ஸியில் எத்தனாவது சிஐஎன்? லீப் ஏன் போதாது?"

தடுப்பூசி யாருக்கு?

9 முதல் 14 வயதுக்குள் மிகச் சிறந்தது, 6 மாத இடைவெளியில் 2 ஊசி. 15-க்கு மேல் என்றால் 6 மாதத்துக்குள் 3 ஊசி. சிறுவயதில் ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றது. இந்தியாவில் தயாராகும் செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி விரட்டாது. போட்டுக்கொண்ட பெண்ணும் 30 வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், மற்ற வகைகள் இருக்கின்றன.

ரிப்போர்ட்டை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

ஆயுசுக்கும். சென்னையில் பாதி வருஷம், காரைக்குடியில் பாதி வருஷம் என்று இருக்கும் ஆச்சிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேதி, சோதனையின் பெயர், முடிவு, பயாப்ஸி எண் ஆகிய நான்கையும் ஒரே நோட்டில் எழுதி, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். சிகிச்சை எடுத்தவர்களுக்கு முதல் மறுபரிசோதனை 6 முதல் 12 மாதத்தில். அது எந்த ஊரில் வந்தாலும், பழைய ரிப்போர்ட் இல்லாத டாக்டர் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.